அங்கால பார்த்த குசினி

நான் வேலை செய்து ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது ஒரு கண்ணாடி வாங்கியிருக்கிறார்கள். அதை முகத்தில் மாட்டிக்கொண்டால் இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடந்து திரியலாமாம். தம்பி மகளான என் மருமகளின் கலியாண அழைப்பிதழோடு அந்தப் பக்கம் போன என்னை அங்கே இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் பிடித்து நிறுத்தி மாட்டிவிட்டார்கள். பளிங்குக் கூடம் ஒன்றைக் கடந்தேன், மாடிப்படி ஏறினேன், பால்கனிக் கம்பியைப் பிடிப்பதாக நினைத்து மேசையில் இருந்த தேநீர்க் கோப்பைக்குள் கையை விட்டேன்.

"மிஸ், ஒங்கட காலத்துல வீடு கட்ட வாறவங்களுக்கு எப்படிக் காட்டின?" என்று ஷப்னா கேட்டாள். கெட்டிக்காரி. நான் உட்கார்ந்த கதிரையில் இப்போது அவள்தான் உட்காருகிறாள்.

"சுண்ணாம்புத் தூளால" என்றேன்.

சிரித்தார்கள். சிரிக்கட்டும். சேலையில் பட்ட தேநீர்க் கறை இன்னும் போகவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

படித்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நிந்தவூரில் பிறந்தேன். கணக்கும் சித்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு மட்டும்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் படவரைஞர் படிப்புக்கு இடம் கிடைத்தது. "பொம்புளப் புள்ள கட்டடத்துல ஏறப் போறாளா?" என்று வாப்பா கேட்டார். "இல்ல, கடதாசியிலதான் ஏறுவா" என்று உம்மா சொன்னார். வாப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. படிப்பு முடிந்த பிறகு தினமும் காலையில் கரையோரப் பாதை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்முனைக்குப் போனேன். கடைசியில், உட்கார இடம் தருகிற வயது வந்ததும் போவதை நிறுத்திக்கொண்டேன்.

என்னை வேலைக்கு எடுத்தவர் தேவசகாயம் சேர். கல்முனையில் பழைய மெதடிஸ்தக் குடும்பத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சோக்குக் கட்டி வைத்திருப்பார். அதனால் அவருடைய எல்லாச் சட்டைகளும் இடது பக்கம் வெளுத்திருக்கும். குரலை உயர்த்தியதே இல்லை. வந்தவர் எவ்வளவு கோணலான யோசனை சொன்னாலும் அதை மறுக்கமாட்டார். "நடந்து பாப்பம்" என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகு எத்தனையோ பேருடைய சிங்க முகத் தூண்களும் வளைந்த மாடிப்படிகளும் காணாமல் போயிருக்கின்றன. போனது எப்படி என்று அவர்களுக்கே தெரியாது.

முதல் நாள் ஒரு வீட்டுக்குப் போனால் அளவு நாடாவை வெளியே எடுக்க விடமாட்டார். இருப்பதிலேயே ஆடுகிற கதிரையாகப் பார்த்து உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"செருப்பை எங்க கழட்டுவீங்க?"

கேட்டவர்கள் முழிப்பார்கள். எங்கள் பக்கத்தில் செதுக்கு வேலை செய்த இரட்டைக் கதவை முன்வாசலுக்குப் போடாவிட்டால் வீடு வீடில்லை. ஆனால் அந்தக் கதவு கலியாணத்துக்கும் ஜனாஸா தூக்கிப் போகவும்தான் திறக்கும். மற்ற நாளெல்லாம் வீட்டுக்காரர், உறவு, மீன்காரர், பூனை எல்லோரும் பக்கத்து ஒழுங்கையால்தான் போவார்கள். செருப்பு கிடக்கிற இடம்தான் உண்மையான வாசல் என்பது சேருடைய கட்சி. வீட்டை அங்கிருந்து வரையத் தொடங்குவார்.

படம் தயாரானதும் அதை மேசையில் விரித்து இரண்டு விரலால் நடப்பார். விரல்கள் ஆளாக மாறிவிடும். சாய்ந்தமருதில் ஒரு புடைவைக் கடைக்காரர் குளியலறையைக் கூடத்தோடு ஒட்டி வைத்தே ஆகவேண்டும் என்று நின்றார். சேர் வாதாடவில்லை.

"நான் இப்ப மாப்பிள்ளைட பெரிய வாப்பா" என்றார். "புரியாணி திண்டாச்சு. கை கழுவப் போறன்." விரல்கள் நடந்தன. "கதவத் திறக்கிறன். ஆ, பொம்பிளைட ஈர உடுப்பெல்லாம் கொடியில கிடக்கு. இனி நான் எங்க பாக்கிற?"

கடைக்காரர் லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். குளியலறை அன்றைக்கே பின்னுக்குப் போனது.

விரலுக்கு மசியாதவர்களுக்குத்தான் சுண்ணாம்புத் தூள். வெறும் நிலத்தில் வீட்டை உள்ள அளவுக்கு வரைந்து, குடும்பத்தையே உள்ளே விட்டு ஒரு பின்னேரம் முழுக்கக் குடியிருக்கச் சொல்வார். கோட்டைத் தாண்டினால் சுவரில் முட்டியதாகக் கணக்கு.

இந்த இடத்தில் வெளியூர்க்காரருக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்களில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்பார்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே வேலை. நாலு பெண்கள் பிறந்தால் காணியை வட்டிலப்பம் வெட்டுவது மாதிரி நாலாக வெட்டுவார்கள். கடைசித் துண்டில் கடைசி மகளின் வீடு. உம்மாவும் வாப்பாவும் அவளோடுதான் இருப்பார்கள். ஆகவே நாங்கள் வரைந்த வீடுகளில் பாதி, யாரென்றே தெரியாத ஒரு மருமகனுக்காக வரைந்தவை. அவருடைய வாகனத்துக்கு இடம் விடுவோம். அவர் சைக்கிளில் வருவார்.

இனி, என் வேலைக் காலத்தில் என்னை அதிகம் பாடுபடுத்திய வீட்டுக்கு வருகிறேன்.

முஸ்தபா காக்கா கல்முனைக்குடிக்காரர். சொந்தத்தில் ஒரு போட் வைத்து மீன் வியாபாரம் செய்தவர். பிறந்தது ஒரே மகள், ரிஸ்னா, பள்ளிக்கூட ஆசிரியை. மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது. வீடு கட்ட மிச்சமாக இருந்தது கடற்கரையில் சுனாமி துடைத்துவிட்டுப் போன அவர்களுடைய பழைய வீட்டுக் காணி மட்டும்தான். ஒரு தலைப்பில் பாதை, மறு தலைப்பில் கடல். இரண்டு பக்கமும் அயல் வீட்டுக்காரர்கள் எல்லையோடு ஒட்டி மாடி எழுப்பிவிட்டார்கள். கரையோர ஒதுக்கு எல்லையையும் கழித்த பிறகு கையில் நின்றது கத்தி அலகு மாதிரி ஒல்லியான ஒரு துண்டு.

அனுமதிக்காகக் கீழ்த்தளத்தைத் தூண்களில் திறந்து விட்டோம். வீடு முழுக்க மேல்தளத்தில். பக்கச் சுவர்களில் யன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் இரண்டு தலைப்பாலும்தான் வரவேண்டும். ரிஸ்னா கைபேசியில் படங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் கடலைப் பார்த்தபடி நிலத்திலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. எனக்கும் ஆசையாக இருந்தது. அப்படி ஒன்றை எங்கள் கரையில் யாரும் கட்டியதில்லை.

முதல் நாள் அவர்கள் அப்போது குடியிருந்த தொடர்மாடியிலிருந்து படியிறங்கும்போது முஸ்தபா காக்கா சேருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், ஒரு விசயம். எங்கட வீட்டுல, ரிஸ்னாட உம்மாக்கு முன்னால, அந்தப் பேரை எடுக்கப்படா."

"எந்தப் பேரை?"

அவர் கிழக்கே கடல் இருந்த பக்கம் கண்ணைக் காட்டினார். "அங்கால எண்டு சொல்லுவம். நான் தொழிலுக்குப் போனாலும் அங்கால போறன் எண்டுதான் சொல்ற. நான் சொன்னதா புள்ளைக்கும் தெரியப்படா."

அவருடைய மனைவி சபியா ராத்தா. அலை வந்த அன்றைக்கு அவர் பழைய வீட்டுக் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய தங்கச்சி பின்னால் கிணற்றடியில் நின்றிருந்தார். தங்கச்சி திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து சபியா ராத்தா ஊருக்கு உள்ளே, வயல் பக்கம் கட்டிக்கொடுத்த தொடர்மாடியில்தான் இருந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு நாளும் வரவில்லை.

ரிஸ்னா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "மிஸ், உம்மா வந்து இரிக்காத வீட்டுல நான் நிக்காஹ் செய்யமாட்டன். அவங்கள அந்தத் தொடர்மாடியில தனியா உட்டுட்டு எனக்கு வீடு என்னத்துக்கு? இது உம்மாக்கோ வாப்பாக்கோ தெரியப்படா."

வாப்பா சொன்னது மகளுக்குத் தெரியக்கூடாது, மகள் சொன்னது வாப்பாவுக்குத் தெரியக்கூடாது, இரண்டும் உம்மாவுக்குத் தெரியக்கூடாது. எங்கள் ஊர் அன்பு இப்படித்தான் வேலை செய்யும். யாரும் யாரையும் நோகவிடமாட்டார்கள், யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவும்மாட்டார்கள்.

எங்கள் வேலை தொடங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்; நாங்கள் வங்காள விரிகுடாவை மறைக்கப் புறப்பட்டோம். கடல் பக்கம் குளியலறையைப் போட்டேன். அதற்குப் பக்கத்தில் சாமான் அறை. மிச்ச இடத்தில் உடுப்பு அலுமாரி. குசினியைப் பாதைப் பக்கத்து மூலைக்குக் கொண்டுவந்து, உம்மாவின் அறையையும் அதற்குப் பக்கத்தில் வைத்தேன். படத்தில் கடல் என்று எழுதவேண்டிய இடத்தில் அங்கால என்று எழுதினேன். அனுமதிக்குப் போன பிரதியில் அதை மாற்ற மறந்துபோய், அனுமதி அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு "அங்கால எண்டா எங்கால?" என்று கேட்டார்.

படத்தைக் காட்டப் போனால் சபியா ராத்தா இடியப்பமும் சொதியும் வைப்பார். வயல் வெள்ளாமை, மகளின் தலைவலி, என் மருமகளின் படிப்பு எல்லாம் கதைப்பார். படத்தை மட்டும் பார்க்கமாட்டார். "நல்லம் மகள். புள்ளைக்குப் புடிச்சாச் சரி. எனக்கென்ன, ஒரு மூலை போதும்" என்பார். ஒவ்வொரு தடவையும் ரிஸ்னாவின் கண்ணாடி கொஞ்சம் சின்னதானது. கடைசியில் குளியலறையில் காற்றுப் போகிற ஓட்டையளவுக்கு வந்து நின்றது. அந்தப் பிள்ளை கைபேசியில் இருந்த படங்களை என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தாள். எனக்கு அழுகை வந்தது.

முடிவான படத்தைச் சேர் நெடுநேரம் பார்த்தார். இரண்டு விரலை வைத்தார். விரல்கள் கூடத்துக்குள் நுழைந்து அப்படியே நின்றுவிட்டன.

"பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போடவேணும்" என்றார். "பிள்ளை, நாங்க வீடா கீறி இருக்கிறம்? ரயில் பெட்டிய எல்லே கீறி இருக்கிறம்." பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். "நடந்து பாப்பம்."

காணிக்குள் பழைய கிணறும் கல் குவியலும் கிடந்தன. அதனால் மேல்தளத்தைப் பக்கத்திலே கடற்கரை மணலில் போட்டோம். பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். சேர் கயிறு பிடிக்க, நான் சுண்ணாம்புத் தூளைக் கோடாக விட்டுக்கொண்டு போனேன். வலை தைத்துக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

முஸ்தபா காக்காவும் ரிஸ்னாவும் படியேறி வந்தார்கள். அதாவது, மணலில் படி என்று கீறிய இடத்தில் காலை உயர்த்தி உயர்த்தி வைத்தார்கள். "பாத்து, மேல்மாடி, உழுந்துடாதீங்க" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சேர் மாப்பிள்ளையாக வந்து இல்லாத கதவைத் தட்டினார். முஸ்தபா காக்கா உண்மையாகவே "யாரு?" என்று கேட்டார். கூட்டத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சபியா ராத்தாவை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் விருந்தாளி வேலை செய்கிற இடத்துக்குத் தேத்தண்ணி போகாமல் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பாதையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பிளாஸ்க்கும் பலகாரச் சட்டியுமாக ராத்தா இறங்கி, அயல் வீட்டு மதில் ஓரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். முஸ்தபா காக்காவின் முகம் செத்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பிளாஸ்க்கை வாங்கினேன்.

"என்ன மகள் நடக்குது அங்க?"

"வீடு ராத்தா. நடந்து பாக்கிறாங்க."

கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். சேர் சாப்பிட்ட மாப்பிள்ளையாக வயிற்றைத் தடவிக்கொண்டு போய் அலுமாரிக்குள் நின்றுகொண்டிருந்தார். ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"குசினி எங்க போட்டீக்கிறீங்க?"

காட்டினேன். பாதைப் பக்கத்து மூலை. அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஓர் அடி முன்னுக்கு வந்தார். பிறகு இன்னும் கொஞ்சம். வலைக்காரர்கள் விலகி வழி விட்டார்கள். ராத்தா மணலில் செருப்பைக் கழற்றி வைத்தார். கோட்டில் விட்டிருந்த வாசல் வழியாகவே உள்ளே வந்து, குசினிக்குள் போய், அடுப்படி என்று நான் கீறிய இடத்தில் நின்றார்.

"இவடத்துல நிண்டா நான் எங்கால பாப்பன்?"

"சுவரை, ராத்தா" என்றேன்.

"அங்கால முதுகு?"

"ஓம்."

அவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கோபம்தான் வந்தது அவருக்கு. நான் அந்தக் கோபத்தை எதிர்பார்க்கவில்லை.

"அண்டைக்கும் இப்படித்தான் நிண்டன். சுவரைப் பாத்துக்கிட்டு. ஒரு யன்னல் இரிந்திச்சா எனக்கு? தங்கச்சி கத்தினது எண்ணெய்ச் சத்தத்துல கேக்கல்ல. கண்டிருந்தா நான் கூப்பிட்டிருப்பன். கண்டிருந்தா ஓடிப்போய் அவட கையப் புடிச்சிருப்பன்." கையால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். "இப்ப திரும்பயும் எனக்குப் பின்னால கொண்டு வெக்கிறீங்களே. அதைப் பின்னால வெச்சுக்கிட்டு நான் எப்படி மகள் சோறாக்கிற? கண்ணுக்கு முன்னால வைங்க. எந்த நேரமும் நான் பாத்துக்கிட்டே இரிக்கணும்."

முஸ்தபா காக்கா கூடத்து நடுவில் நின்றார். "எனக்கிட்ட ஒரு நாளும் சொல்லல்லியேகா" என்றார்.

"நீங்க எங்க என்னைக் கேட்டீங்க? எல்லாரும் அங்கால அங்கால எண்டீங்க. சரி, இவங்களுக்குத்தான் பயம் போல எண்டு நானும் சொல்லாம இரிந்தன்."

ரிஸ்னா சாமான் அறைச் சுவரையும் குளியலறைச் சுவரையும் மிதித்துக்கொண்டு நேராக ஓடிவந்து உம்மாவைக் கட்டிப்பிடித்தாள். சுவரில் முட்டியதாக யாரும் கணக்கு வைக்கவில்லை. நானும் அழுதேன், கையில் சுண்ணாம்பு இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

சேர் தன் செருப்பைக் கழற்றினார். நான் மாதக்கணக்கில் இருந்து வரைந்த கடல் பக்கத்துச் சுவரை வெறுங்காலால் மெதுவாக அழித்துக்கொண்டு போனார். அழித்து முடித்து, அந்த இடத்தில் அடுப்படியைக் காலால் கீறிவிட்டு, "ராத்தா, நடந்து பாப்பம்" என்றார்.

ராத்தா புதிய அடுப்படிக்குப் போனார். முகம் கடலைப் பார்க்க நின்றார். இல்லாத அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டார். இல்லாத சட்டியைக் கிளறினார்.

"படி எங்க?" என்று கேட்டார். "மொட்டை மாடிக்குப் போற படி குசினிக்குள்ளால வரணும். ஓடுறெண்டா நான் கூடத்தச் சுத்தி ஓட ஏலா." அதையும் கீறினோம். பிறகு இன்னொரு தடவை வெளியே பார்த்தார். "இஞ்ச நிண்டா போட் வாறதும் தெரியும். இனி இந்த மனிசன் நேத்தைய மீனை இண்டைக்குப் புடிச்சதெண்டு என்னைப் பேய்க்காட்ட ஏலா."

வலைக்காரர்கள் போட்ட சத்தத்தில் காகங்கள் எழும்பின.

அதற்குப் பிறகு எங்களுக்குச் சரியான வேலை. கடலைப் பார்த்த குசினி என்பது எங்கள் ஊர் கேள்விப்படாத சங்கதி. காற்று அடுப்பை அணைக்கும். உப்பு யன்னல் பிணைச்சலைத் தின்னும். பொரியல் மணம் நேரே கூடத்துக்குப் போய்ச் சம்பந்தி மடியில் உட்காரும். யன்னலின் கீழ்ப்பாதியைத் திறக்காத கண்ணாடியாக்கி, காற்றை மேலால் எடுத்தோம். சட்டம் தேக்கில், பிணைச்சல் பித்தளையில். புகைக்குத் தனிப் போக்கு வைத்தோம். குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில் இழுக்கிற கதவு போட்டோம். அது திறந்திருந்தால் பாதைப் பக்கத்து வாசலில் நின்றே கடல் தெரியும். ரிஸ்னாவுக்கு அவளுடைய கண்ணாடி கிடைத்தது, உம்மாவின் அடுப்புக்கு முன்னால்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் செதுக்கு வேலைக் கதவால் வந்தார்கள். கூடத்தில் புதுச் சோபாக்கள் இருந்தன. யாரும் உட்காரவில்லை. கடலைப் பார்க்கவென்று ஒவ்வொருவராகக் குசினிக்குள் போய் நின்றுகொண்டார்கள். மாப்பிள்ளையின் பெரிய வாப்பா கறிவேப்பிலைக் கட்டுக்குப் பக்கத்தில் நின்று, "இதான் வீட்டுட நல்ல இடம்" என்றார். சேர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் கண்ணடித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

அலுவலகத்தில் அந்தக் கண்ணாடியை மாட்டிக் கையைச் சுட்டுக்கொண்ட அன்று பின்னேரம் நான் நேரே வீட்டுக்குப் போகவில்லை. அழைப்பிதழ் ஒன்று மிச்சமிருந்தது. கல்முனைக்குடிக்குப் போனேன். முன்கதவு பூட்டியிருந்தது. ஒழுங்கையால் போய், செருப்புகள் கிடந்த இடத்தில் என்னுடையதையும் கழற்றிவிட்டு ஏறினேன்.

சபியா ராத்தா கீரி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சத்தத்தில் நான் வந்தது கேட்டிருக்காது என்று நினைத்தேன். ஆனால் யன்னல் கண்ணாடியில் என் நிழல் விழுந்திருக்கவேண்டும்.

"வாங்க மகள், இரிங்க" என்றார், யன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே. "ஒரு நிமிசம் இஞ்ச நிண்டு கடலைப் பாத்துக்கங்க. நான் போய்த் தட்டு எடுத்துக்கிட்டு வாறன்."

அகப்பையை என் கையில் தந்துவிட்டுப் போனார். அவர் வரும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.